முதலில் மூச்சு, மற்றது பிறகு

மயிலாப்பூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. தி. நகரில் நடந்த வளைகாப்புக்கு நீ வரவில்லை. கால் வலி என்று உன் அம்மா எல்லோரிடமும் சொன்னாள். என்னை மட்டும் பந்தி முடிந்ததும் ஓரமாக அழைத்துப் போய் உள்ளதைச் சொன்னாள். இருமினால் சேலை நனைந்துவிடுகிறது, அதனால் நீ அடையாறு வீட்டைவிட்டு வெளியே வருவதையே விட்டுவிட்டாய், தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்கிறாய் என்று. அவளைக் கோபித்துக்கொள்ளாதே. எனக்கும் அதே இளைப்பு, அதே இருமல், அதே நனைதல்தான். எனக்கு விறகடுப்பும் மரத்தூள் அடுப்பும் ஊதி ஊதி வந்தது. உனக்குக் காலேஜ் நாளில் வந்த டி.பி. ஆறி, அது விட்டுப்போன தழும்பில் வந்தது. வந்த வழிதான் வேறு. இதைப் போனில் பேச ஆரம்பித்தால் நம் இருவரில் ஒருவருக்கு இருமல் வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

மூச்சு முட்டும் நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்று உள்ளே போகவில்லை என்றுதான் அப்போது தோன்றும். இன்னும் இழு, இன்னும் இழு என்று உடம்பு பதறும். ஆனால் நம்மைப் போல் மூச்சுக்குழாய் சுருங்கியவர்களுக்குப் பழைய காற்று முழுசாக வெளியே வராததுதான் பெரும் சிக்கல். மூச்சை விடும்போது சின்னக் குழாய்கள் மூடிக்கொள்ள, உள்ளே காற்று தேங்கிவிடுகிறது. தேங்கியது போகாமல் புதுசுக்கு ஏது இடம்? அதனால் இழுப்பதை மறந்துவிட்டு விடுவதைப் பார். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழு. உதட்டைக் குவித்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பதுபோல், நாலு எண்ணும் வரை மெல்ல விடு. நாலு வரவில்லையென்றால் மூன்று போதும். நாற்காலியில் உட்கார்ந்து, கால் தரையில் படிய, முழங்கையைத் தொடையிலோ மேஜையிலோ ஊன்றிச் சற்று முன்னால் சாய்ந்துகொள். தெருவில் என்றால் ஒரு சுவரோ நிற்கிற ஆட்டோவோ போதும். படுக்காதே. யாராவது பதறிப் படுக்கவைக்க வந்தால் கையால் தடுத்துவிடு.

பக்கத்தில் ஒரு விசிறி வைத்துக்கொள். பனை ஓலை விசிறியானாலும் சரி, பாண்டி பஜாரில் விற்கிற பேட்டரி விசிறியானாலும் சரி. காற்று கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் பட வேண்டும். அங்கே இருக்கும் நரம்பில் குளிர்காற்று பட்டால் மூளைக்கு மூச்சுமுட்டல் குறைவாகத் தெரிகிறது. கேம்பிரிட்ஜில் டாக்டர்கள் இதைச் சோதித்து 2010ல் எழுதினார்கள். சின்னக் கைவிசிறியின் காற்றை ஐந்து நிமிஷம் முகத்திலும், இன்னொரு முறை காலிலும் படவைத்துப் பார்த்தார்கள். முகத்தில் பட்டபோதுதான் இளைப்புத் தணிந்தது. என் மாமியார் எந்த ஆராய்ச்சியும் படிக்காமலே திண்ணையில் உட்கார்ந்து முகத்துக்கு விசிறிக்கொண்டிருப்பார். மின்சாரம் போன இரவில் இது பெரிய துணை.

இன்ஹேலர் பம்பை எத்தனை முறை அடிக்கலாம் என்பதை உன் டாக்டரிடம் எழுதி வாங்கி, அந்தச் சீட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டு. ஸ்பேசர் குப்பியை அதில் பொருத்தித்தான் அடிக்க வேண்டும், நேராக வாயில் அடித்தால் பாதி மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும். அடித்தும் தணியவில்லை, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரித்திருக்கிறது, தூக்கமாகவோ குழப்பமாகவோ வருகிறது என்றால் யோசிக்காமல் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் உனக்கு எந்த எண் வரை சரி என்று முன்கூட்டியே கேட்டு வை. என் எண் உனக்குப் பொருந்தாது. விரலில் மருதாணியோ நெயில் பாலிஷோ இருந்தால் அந்தக் கருவி தப்பாகவும் காட்டலாம்.

மூச்சு முட்டும் அந்த நேரத்தில் சிறுநீர் போனால், போகட்டும். பயத்தில் உடம்பு ஒன்றைப் பிடித்தால் இன்னொன்றை விட்டுவிடும். எழுந்து பாத்ரூமுக்கு ஓடுகிறேன் என்று கிளம்பாதே. ஓட்டத்தில் இளைப்பு இரட்டிப்பாகும், ஈரத் தரையில் வழுக்கி விழவும் கூடும். உட்கார்ந்த இடத்திலேயே மூச்சைச் சரிசெய்துகொள். சேலையைப் பிறகு துவைத்துக்கொள்ளலாம்.

இனி அது ஏன் கசிகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு இருமலும் வயிற்றை மேலிருந்து கீழே இடிக்கிறது. இடுப்பெலும்புக்கு அடியில் தொட்டில்போல் ஒரு தசை, மூத்திரப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு பிரசவம், மாதவிலக்கு நின்ற உடம்பு, அதற்கு மேல் வருஷக்கணக்கான இருமல். தசை தளராமல் என்ன செய்யும்? பிரசவமே ஆகாதவர்களுக்கும், ஆண்களுக்கும்கூட இந்த நோயில் இது வருகிறது. ஆண்கள் நம்மைவிட வாயை மூடிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

தளர்ந்த தசை பயிற்சியில் இறுகும். 1948ல் கெகல் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிய பயிற்சி இன்றும் அவர் பேரில்தான் இருக்கிறது. காற்றுப் போகாமல் அடக்குவதுபோலவும், ஒண்ணுக்குப் போவதை நிறுத்துவதுபோலவும் உள்ளே சுருக்கி மேலே இழு. ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்து. ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை. மூச்சைப் பிடிக்காதே, சுருக்கும்போது மூச்சு வெளியே போகட்டும். வயிறும் தொடையும் இறுகினால் செய்வது தப்பு. ஒண்ணுக்குப் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகாதே. பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். சீரியலின் விளம்பர இடைவேளையில் செய்துகொண்டிருந்தாலே மூன்று தடவை ஆகிவிடும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவும் தெரியாது.

அதைவிட உடனே உதவுகிற ஒன்று உண்டு. இருமல் வரப்போகிறது என்று தொண்டை சொல்லுமே, அந்தக் கணத்தில் முதலில் கீழே இறுக்கு, பிறகு இருமு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வயதான பெண்களுக்கு ஒரே ஒரு வாரம் இதைப் பழக்கிப் பார்த்து, கசிவு நன்றாகக் குறைந்ததை 1998ல் எழுதியிருக்கிறார்கள். இருமும்போது முதுகைக் கூன்போட்டுக் குனியாதே, நிமிர்ந்து உட்கார். தும்மலுக்கும் இதே கணக்கு. தாளிக்கும்போது மிளகாய் நெடி வருமே, கடாயில் மிளகாயைப் போடுவதற்கு முன்பே இறுக்கிக்கொள். அடுப்படியை விட்டு வெளியே வந்துவிட்டால் இன்னும் நல்லது. யாராவது தாளிக்கட்டும். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் மூன்றையும் வீட்டைவிட்டு அனுப்பு. போகி அன்று சன்னலை மூடிக்கொண்டு உள்ளே இரு.

தண்ணீரைக் குறைத்தாயே, அதுதான் எனக்கு ஆத்திரம். தண்ணீர் குறைந்தால் சளி கெட்டியாகி, அதை வெளியேற்ற இன்னும் பலமாக இரும வேண்டும். சிறுநீரும் அடர்ந்து பையை உறுத்தும், அடிக்கடி ஓடவைக்கும். மலமும் கெட்டிப்படும், முக்கினால் அந்தத் தசைக்கு மேலும் அடி. சென்னை வெயிலில் இதையெல்லாம் சேர்த்து யோசித்துப் பார். கால் வீக்கத்துக்கோ இதயத்துக்கோ டாக்டர் அளவு சொல்லியிருந்தால் தவிர, தாகத்துக்குக் குடி. இரவு படுக்கப் போகும் முன் மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள். குறைக்க வேண்டியது காபியை. காபி பையைக் கிளறிவிடும். மயிலாப்பூரில் இருந்துகொண்டு இதை எழுத எனக்கே மனசு வரவில்லை. காலையில் ஒரு டம்ளரை நானும் விடவில்லை, நீயும் விட வேண்டாம். இரண்டாவதையும் மூன்றாவதையும் விடு.

பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டாதே. அந்த நாடா மூச்சையும் அழுத்துகிறது, மூத்திரப்பையையும் அழுத்துகிறது. குளிக்கும்போது பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, வாளியை இன்னொரு ஸ்டூலில் தூக்கி வை. குனிந்து குனிந்து மொண்டு ஊற்றுவதில்தான் பாதி மூச்சு போகிறது. கதவுக்குத் தாழ் போடாதே. இந்தியன் டாய்லெட்டில் குந்தி எழுவது இனி உனக்கு வேண்டாம், இரவுக்குக் கட்டில் பக்கத்திலேயே கமோடு நாற்காலி போட்டுக்கொள். மாதவிலக்கு நாப்கினை இதற்கு வைக்காதே. அது ரத்தத்துக்காகச் செய்தது, சிறுநீர் வேகமாக வந்தால் தாங்காது, ஓரத்தில் ஒழுகும், தோலும் புண்ணாகும். சிறுநீர்க் கசிவுக்கென்றே பேடு மருந்துக் கடையில் இருக்கிறது. பையன் அதைக் கறுப்புக் கவரில் சுற்றித் தருவான். சுற்றினால் சுற்றட்டும்.

உனக்கு ஒரு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே, அது 1956ல் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் டி.பி. என்றால் தாம்பரம் சானடோரியம் மாதிரி ஓர் இடத்துக்கு அனுப்பிவிடுவதுதான் நல்ல வைத்தியம். அங்கே இடம் கிடைக்காதவர்களே அதிகம். சேத்துப்பட்டு டாக்டர்கள் நோயாளிகளில் ஒரு பகுதியைச் சானடோரியத்திலும் மறுபகுதியை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான குடித்தனம், குறைந்த சாப்பாடு. இருந்தும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959ல் இது வெளிவந்த பிறகு உலகம் முழுக்கச் சானடோரிய வைத்தியம் தேவையற்றதாகிப் போனது. நீ வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் காலேஜுக்கும் திரும்பிப் போனது அந்த வேலையின் பலன். நுரையீரல் நோயாளியை ஊரைவிட்டு ஒதுக்க வேண்டாம் என்று காட்டிய ஊரில் இருந்துகொண்டு, நீயே உன்னை ஓர் அறைக்குள் ஒதுக்கிவைத்திருக்கிறாய்.

அப்படி ஒதுங்கினால் அது மனசோடு நிற்காது. நடக்காத காலின் தசை மெலியும், மெலிந்த தசைக்கு அதே வேலைக்கு அதிக மூச்சு வேண்டும், அடுத்த மாதம் இன்னும் இளைக்கும். அதனால் பேடு வைத்துக்கொண்டு, மாற்றுப் பாவாடை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு நட. பாண்டி பஜார் நடைபாதையை அகலப்படுத்திப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள், இளைத்தால் உட்காரலாம். கூட்டமில்லாத காலையில் போ. இங்கே வந்தால் நாகேஸ்வர ராவ் பூங்காவில் என்னோடு நடக்கலாம். நடந்துகொண்டே பேசக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை, இருவருக்கும்.

கோயிலுக்குக்கூடப் போவதில்லையாமே, அசுத்தம் என்று. கபாலீசுவரர் கோயிலில் கைக்குழந்தையோடு எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை மடி நனைகிறது? யாராவது வாசலில் நிறுத்தினார்களா? அறுபத்துமூவர் விழாக் கூட்டத்துக்கு மட்டும் போகாதே. அதற்குக் காரணம் மூச்சு.

டாக்டரிடம் நீ இதைச் சொல்லவே இல்லை என்றாள் அம்மா. நுரையீரல் டாக்டர் இடுப்புக்குக் கீழே கேட்க மாட்டார், மகப்பேறு டாக்டர் நெஞ்சைப் பற்றிக் கேட்க மாட்டார். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டியவள் நீதான். வாயில் வராவிட்டால் ஒரு துண்டுத்தாளில் எழுதி மேஜையில் வை: இருமும்போது சிறுநீர் கசிகிறது, எவ்வளவு நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எரிச்சலோ காய்ச்சலோ ரத்தமோ உண்டா, முழுசாகப் போன திருப்தி இருக்கிறதா. கடைசிக் கேள்வி முக்கியம். நமக்குத் தருகிற சில பம்பு மருந்துகளில் சிறுநீர் பையிலேயே தங்கிவிடுவது உண்டு, அப்படித் தங்கியது நிரம்பித் துளித்துளியாக வழியவும் செய்யும். அதற்கு இறுக்கும் பயிற்சி வைத்தியமில்லை, மருந்தைத்தான் பார்க்க வேண்டும். நீயாகப் பம்பை நிறுத்திவிடாதே. பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லிக் கேள். மூச்சுப் பயிற்சியையும் இந்தத் தசைப் பயிற்சியையும் அவர்கள் கையோடு சொல்லித்தருவார்கள்.

அடுத்த செக்கப் எந்தத் தேதி என்று எழுது, நானும் கூட வருகிறேன். அடையாறு பஸ்ஸில் ஏறி இறங்க எனக்கு மூச்சு பத்தாது. ஆட்டோவை நீ புக் பண்ணி அனுப்பு, வழியில் பேரம் பேசுவதற்கும் எனக்கு இப்போது மூச்சில்லை. வரும்போது உனக்கு ரப்பர் ஷீட் ஒன்று வாங்கி வருகிறேன். கட்டில் ஒற்றையா, இரட்டையா?

அன்புடன்,
பெரியம்மா