நாடக ஆசானும் நடிகச் சிறுவரும்

சென்னையினின்று தெற்கே செல்லும் இருப்புப்பாதை திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரம் சேர்கின்றது. அங்கு ஒரு கிளை பிரிந்து புதுவைக்கு ஓடுகின்றது. நாடகக் குழுவினர் திரைகளையும் உடைப்பெட்டிகளையும் புகைவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர்தோறும் சென்ற காலம் ஒன்று உண்டு. திரைப்படம் பேசத் தொடங்காத அக்காலத்தில் அத்தகைய குழுக்களுக்குத் தலைமையாசிரியராய் விளங்கியவர், அப்புதுவையிலேயே தம் வாழ்வை முடித்த சங்கரதாஸ் சுவாமிகள்.

1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். பின்னர் நடிகராகி இரணியன், இராவணன், எமன் முதலிய வேடங்களைத் தாங்கினார். வள்ளி திருமணம், பவளக்கொடி முதலாக நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றினார்.

அந்நாளில் தேர்ந்த நடிகர் சிலர் ஒத்திகைக்கு வாரார். மேடையிலோ, எழுதிய உரையை விடுத்து மனம்போனவாறு சொற்போர் நிகழ்த்துவர். கதை ஒருபுறம் நிற்க, நடிகர் வழக்காடுவதே காட்சியாயிற்று. இதனை வெறுத்த சுவாமிகள், சிறுவரைக் கொண்டே நாடகம் நடத்தத் துணிந்து, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். அங்குச் சேர்ந்த சிறுவருள் ஒருவர் ஆறு வயதினரான தி. க. சண்முகம். பிற்காலத்தில் ஔவையார் வேடத்தால் புகழ்பெற்று ‘ஔவை சண்முகம்’ என வழங்கப்பெற்றவர் இவரே. தம் ஆசானைப் பற்றிய நினைவுகளை இவர் 1972இல் வெளிவந்த ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலில் எழுதிவைத்தார்.

மேனாட்டு இசைக்குழுவில் ஒருவர் யாவரும் காண முன்னின்று, கைக்கோல் அசைத்து இசையை நடத்துவார். நம் நாடக மேடையில் அத்தகையவரைக் காண இயலாது. ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க, சிறுவர் பாடுவர். அவர்களை ஆக்கிய ஆசிரியர் திரைக்குப் பின்னே இருப்பார். பாட்டு, உரை, நடிப்பு அனைத்தும் ஒத்திகையிலேயே கற்பிக்கப்பெற்றுவிடும். எழுதப் படிக்கவும் நன்கு பழகாத இளஞ்சிறுவரிடம் இப்பணி எத்துணை அருமை உடையது!

சண்முகம் தலைமை வேடம் தாங்குதற்பொருட்டுச் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ என்னும் நாடகத்தை எழுதினார். விளக்கை வைத்துக்கொண்டு எழுத அமர்ந்தவர், விடிவதற்குள் நாடகம் முழுமையும் எழுதி முடித்தார். நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களும் உரையாடல்களும் அடித்தல் திருத்தலின்றி அமைந்திருந்தன. ஒரு சிறுவனை நம்பி ஒரு பெரும்புலவர் ஓர் இரவு முழுதும் விழித்திருந்தார் என்பதே இதில் நம் நெஞ்சைத் தொடுவது. விரைவு அதற்கு அடுத்ததே.

இறுதிக் காலத்தில் சுவாமிகளை வாதநோய் பற்றியது, கைகால் முடங்கின, பேச்சும் நின்றது. பல்லாயிரம் அடிகளைப் பிறர்க்குப் பாடிக் காட்டிய நா ஓய்ந்தது. அவர் கற்பித்த பாட்டோ சிறுவர் நாவில் ஒலித்துக்கொண்டிருந்தது. 1922 நவம்பர் 13ஆம் நாள் அவர் புதுவையில் மறைந்தார்.

1925இல் சண்முகமும் அவர்தம் உடன்பிறந்தாரும் தமக்கென ஒரு நாடக சபையைத் தொடங்கினர். ஆசானுடைய நாடகங்களை அச்சபையும் மேடையேற்றியது.