பதினாலு பெயரும் இரண்டு விரலும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கல்லூரி விழா மலருக்காக உங்கள் பேண்டைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை வாட்ஸப்பில் பார்த்தேன். ‘எங்களைப் பாதித்தவர்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே பதினாலு பேண்டின் பெயர். “சரியா இருக்கா மாமா?” என்று கேட்டிருந்தாய். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படித்து முடித்தபோது உங்கள் நாலு பேரைப் பற்றி எனக்குப் புதிதாக எதுவும் தெரியவரவில்லை. பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் இதே பதினாலில் பத்தையாவது எழுதிக் கொடுத்திருப்பார்கள். போனில் இதைச் சொன்னால் “சரி மாமா, சரி மாமா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நாலாவதாக பிளாக் சாபத் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பர்மா பஜாரில் வாங்கிய காப்பி கேசட்டில் ‘பேரனாய்ட்’ கேட்டு வளர்ந்தவன் நான், கொஞ்சம் பாரபட்சம் இருக்கும். முதல் ரெக்கார்டு வெளிவந்த 1970 பிப்ரவரியில் அவர்களில் மூன்று பேருக்கு வயது 21, ஒருவருக்கு 20. உங்களைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட.

நாலு பேரும் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தின் ஆஸ்டன் பகுதிக்காரர்கள். 1948, 49-இல் பிறந்தவர்கள். போரில் ஜெர்மன் குண்டுகள் இடித்துப் போட்ட மனைகளில் விளையாடியவர்கள். ஊர் முழுக்கத் தொழிற்சாலை. பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் அப்பா ராத்திரி ஷிஃப்ட், அம்மாவும் கம்பெனி வேலை, வீட்டில் ஆறு பிள்ளைகள். ஆஸி பார்த்த வேலைகளைக் கேள்: கசாப்புக் கூடத்தில் வேலை, பிளம்பர் எடுபிடி, கார் ஹாரன் கம்பெனியில் ஒவ்வொரு ஹாரனாக அடித்துச் சுருதி சரிபார்க்கும் வேலை. நடுவில் திருடி மாட்டிக்கொண்டு சில வாரம் ஜெயில். இதற்கெல்லாம் முன்பே, 1963-இல், அந்தப் பையனுக்கு ரேடியோவில் பீட்டில்ஸின் ‘ஷீ லவ்ஸ் யூ’ கேட்டது. பாட்டுதான் வாழ்க்கை என்று அன்றைக்கு முடிவு செய்ததாகக் கடைசிவரை சொன்னார். சாபத்தின் பாட்டில் பீட்டில்ஸ் எங்கே இருக்கிறது என்று காட்டு பார்ப்போம். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பீட்டில்ஸ் இல்லையென்றால் ஆஸி ஹாரன் கம்பெனியிலேயே இருந்திருப்பார். இதை மனதில் வைத்துக்கொள், திரும்ப வருவேன்.

இப்போது கிதார்காரர் டோனி அயோமி. இடதுகைப் பழக்கம், அதனால் தந்தியை அமுக்குவது வலது கை. 17 வயதில் தகட்டு வேலைத் தொழிற்சாலையில் வெல்டர். ஜெர்மனிக்குப் போகும் ஒரு பேண்டில் இடம் கிடைத்துவிட்டது, வேலைக்கு அன்றுதான் கடைசி நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் ‘இனி போகவில்லை’ என்றார். அம்மா, ‘எடுத்த வேலையை முடித்துவிட்டு வா’ என்று திருப்பி அனுப்பினார். அன்றைக்கு பிரஸ் மெஷினில் நிற்கும் பெண் வரவில்லை. அந்த மெஷினில் இவரை நிறுத்திவிட்டார்கள்.

பாப்பா, நான் அம்பத்தூரில் பிரஸ் ஷாப்பில் இருந்தவன். இதற்கு மேல் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வராத ஆளின் மெஷினில் பழகாத ஆள் நின்றால் கை ஒரு தாளத்தில் போகும், பெடல் வேறொரு தாளத்தில் இறங்கும். எங்கள் ஷாப்பில் விரலைப் பறிகொடுத்த மூன்று பேரில் இரண்டு பேர் அப்படி மாற்று ஆளாக நின்றவர்கள்தான். டோனிக்கு வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போனது. இனி கிதார் கிடையாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் முடங்கிக் கிடந்தவரைப் பார்க்க அந்தத் தொழிற்சாலை மேனேஜர் ஒரு ரெக்கார்டை எடுத்துக்கொண்டு வந்தார். டோனிக்குக் கேட்கிற மனநிலை இல்லை. வற்புறுத்திப் போட்டுக் காட்டினார். நன்றாக இருக்கிறதே என்றதும், வாசிப்பவருக்கு இரண்டு விரல்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்றார். ஜாங்கோ ரைன்ஹார்ட். ரோமா நாடோடிக் குடும்பத்து ஜாஸ் மேதை. 1928-இல் குடியிருந்த வண்டி வீடு தீப்பிடித்து இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் சுருங்கிப்போனவர். அதற்குப் பிறகுதான் உலகம் அறிந்தது அவரை.

அடுத்து டோனி செய்ததை எங்கள் டூல் ரூம் ஆட்கள் கேட்டால் எழுந்து நின்று கைதட்டுவார்கள். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து உருக்கி உருண்டையாக்கினார். ஆறியதும் சூட்டுக்கோலால் துளைபோட்டு, விரல் நுழையும்வரை குடைந்தார். உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டினார். தோல் புதிதாக இருந்தால் பிடிக்கவில்லை, வாசித்து வாசித்து நைந்து பளபளப்பானதும் பிடித்தது. அந்தத் தொப்பி போட்ட விரலுக்குத் தந்தி படுவது தெரியாது. எவ்வளவு அமுக்குகிறோம் என்பதைக் காதால்தான் அறிய வேண்டும்.

சாதாரண கிதார்த் தந்தி அந்த விரலுக்குக் கனம். மெல்லிய தந்தி செட் அப்போது கடையில் கிடையாது. பேஞ்சோ தந்தியை வாங்கிக் கிதாரில் பூட்டினார். விரல்களை அகட்டி வைக்கும் பெரிய கார்டுகள் சிரமம், அதனால் நடு ஸ்வரத்தை விட்டுவிட்டு ஸ, ப இரண்டை மட்டும் பிடிக்கும் பவர் கார்டு அதிகமானது. பவர் கார்டு அவர் கண்டுபிடித்ததில்லை. ஆனால் ஆம்ப்ளிஃபையர் திணறும் அளவுக்கு வால்யூம் வைக்கும்போது மூன்று ஸ்வரக் கார்டு குழம்பிப்போகும், ஸ-வும் ப-வும் மட்டும் என்றால் தூண் மாதிரி நிற்கும். கைக்கு முடிந்ததும் காதுக்குப் பிடித்ததும் ஒன்றாகிவிட்டது. 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சில பாட்டுக்குத் தந்திகளை இன்னும் தளர்த்தி, சுருதியை மூன்று அரை ஸ்வரம் கீழே இறக்கினார். விரலுக்குச் சுகம், சத்தத்துக்குக் கனம். பேஸும் அதே அளவு இறங்கியிருப்பதை நீ கவனித்துக் கேட்டுப்பார். பின்னால் வந்த ஹெவி மெட்டல்காரர்கள் ஆரோக்கியமான பத்து விரலோடு இதைப் பழகினார்கள்.

இதில் ஜாங்கோ எங்கே? அவர் வேகம், அவர் இனிமை எதுவும் அந்த ரெக்கார்டுகளில் கேட்காது. ஆஸிக்கு பீட்டில்ஸ்போல, சத்தத்தில் துளியும் ஒட்டாத ஒருவர்தான் டோனியின் மேல் விழுந்த ஆகப்பெரிய பாதிப்பு. உன் பட்டியலில் இப்படி ஒரு பெயர் இருக்கிறதா?

(பர்மிங்ஹாம் தொழிற்சாலைகளின் சுத்தியல் சத்தம்தான் சாபத்தின் இசையானது என்று எல்லோரும் எழுதுவார்கள். நான் பாதிதான் நம்புகிறேன். பிரஸ் சத்தத்தில் எட்டு மணி நேரம் நின்றவன் வீட்டுக்கு வந்து பி.பி. ஸ்ரீநிவாஸ்தான் கேட்பான்.)

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். பேண்ட் தேடி ஆஸி ஒரு மியூசிக் கடையில் விளம்பரத் தாள் ஒட்டினார். அவரிடம் சொந்தமாக மைக் செட் இருந்தது, அப்பா கடன்பட்டு வாங்கித் தந்தது. அதை நம்பி டோனியும் டிரம்மர் பில் வார்டும் விலாசத்தைத் தேடிப் போனால், கதவைத் திறந்தது டோனிக்குப் பள்ளியில் ஒரு வகுப்பு கீழே படித்த பையன். டோனி அடித்து மிரட்டி வைத்திருந்த பையன்களில் ஒருவன். திரும்பிவிடலாம் என்றாராம் டோனி. பில் விடவில்லை. அந்த பில் வார்டு வளர்ந்தது ஜீன் க்ரூப்பா, படி ரிச் என்ற ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு. சாபத்தின் பாட்டு எவ்வளவு கனமாக இருந்தாலும் உள்ளே ஒரு ஊஞ்சல் ஆடுவது அதனால்தான்.

உனக்கு வேண்டியவர் கீஸர் பட்லர். டப்ளினிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம், கணக்கு எழுதப் படித்தவர், கிதார்தான் வாசித்தார். டோனிக்கு இரண்டாவது கிதார் வேண்டாம். கீஸர் பேஸுக்கு மாறினார். “கிதார் வாசிக்க வந்தவளைப் பேஸில் உட்கார வைத்துவிட்டார்கள்” என்று தீபாவளிக்கு அழுதாயே, அதே கதை. கிரீம் பேண்டின் ஜாக் புரூஸைப் பார்த்து, பேஸ் என்பது பின்னால் நின்று தாளம் தட்டுவது மட்டும் இல்லை என்று கற்றுக்கொண்டார். பாட்டு வரிகளில் பெரும்பகுதியும் அவர்தான்.

1968-இல் சேர்ந்தார்கள். சீக்கிரத்திலேயே வைத்துக்கொண்ட பெயர் எர்த். அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் பாட்டுகளைத்தான் வாசித்தார்கள். அந்த டிசம்பரில் டோனி கொஞ்ச நாள் ஜெத்ரோ டல் பேண்டுக்குப் போனார். அங்கே பாடல்களைவிட வேறொன்று கிடைத்தது: காலை ஒன்பது மணிக்கு ஒத்திகைக்கு வந்து நின்றார்கள். திரும்பி வந்ததும் மற்ற மூவரையும் படுக்கையிலிருந்து எழுப்பிக் காலையிலேயே வேலை வாங்கினார். இதுவும் பாதிப்புதான். இதை யாரும் பேட்டியில் முதலில் சொல்வதில்லை. ஜெர்மனியில், ஒரு காலத்தில் பீட்டில்ஸ் வாசித்த ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் ஒரே நாளில் பலமுறை மேடையேற வேண்டியிருந்தது. கைவசம் இருந்த பாட்டு போதாது. நீட்டி நீட்டி வாசித்ததில் சொந்தப் பாட்டு முளைத்தது.

எர்த் என்ற பெயரில் இன்னொரு பேண்ட் இருந்ததால் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. புதுப் பெயர் போரிஸ் கார்லோஃப் நடித்த 1963-இன் பேய்ப்படத்தினுடையது. பயப்படுவதற்குக் காசு கொடுத்து ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்களே, பாட்டிலும் அப்படிப் பயமுறுத்தினால் என்ன என்று யோசித்தார்கள். அந்தச் சமயம் கீஸர், இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் ‘கோள்கள்’ தொகுப்பில் செவ்வாய் பற்றிய பகுதியை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டோனி மறுநாள் மூன்று ஸ்வரத்தோடு வந்தார். கீழ் ஸ, மேல் ஸ, பிறகு நடுங்கும் பிரதி மத்யமம். அவ்வளவுதான் ‘பிளாக் சாபத்’ பாட்டு.

நீ ஐந்து வருடம் பாட்டு கிளாஸ் போனவள். அதே ஸ, அதே பிரதி மத்யமம் கல்யாணியில் கல்யாண வீடாக இருக்கிறது, இங்கே சுடுகாடாக இருக்கிறது. ஏன்? கல்யாணியில் மத்யமத்தைத் தாங்க காந்தாரமும் பஞ்சமமும் பக்கத்திலேயே நிற்கும். இங்கே யாருமே இல்லை, அந்தரத்தில் விட்டுவிட்டார்கள். இந்த இடைவெளியைச் சர்ச் தடை செய்திருந்தது என்று யூட்யூபில் சொல்வார்கள். கட்டுக்கதை, நம்பாதே.

முதல் ஆல்பத்தை லண்டனில் ஏறத்தாழ 12 மணி நேரத்தில் பதிந்துவிட்டார்கள். மேடையில் வாசிப்பதுபோல வாசித்தார்கள், மழையும் மணியோசையும் பிறகு சேர்த்தது. விமர்சகர்கள் கிரீமின் மட்டமான நகல் என்று ஒதுக்கினார்கள். ஆல்பம் பிரிட்டனில் எட்டாம் இடம் போனது. அதே ஆண்டு இரண்டாவது ஆல்பம் நீளம் போதாமல் இடத்தை நிரப்ப அவசரமாகச் செய்த பாட்டுதான் ‘பேரனாய்ட்’. 2025 ஜூலை 5-ஆம் தேதி அந்த நாலு பேரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தது அதே ஆஸ்டனில், வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில். 17 நாளில் ஆஸி போய்விட்டார்.

சரி, உன் பக்கத்துக்கு வருகிறேன். போன மாதம் உங்கள் ஒத்திகைக்கு வந்தேன் அல்லவா, மொட்டை மாடி அறைக்கு? எட்டு மணி ஆனதும் கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை மூன்று முறை இடித்தார். உங்கள் டிரம்மர் பழக்கப்பட்டவனாக ஈரத் துண்டை எடுத்து ஸ்னேர் மேல் போட்டான். கிதார்காரன் ஆம்பை அணைத்துவிட்டு வெறும் தந்தியில் வாசித்தான். நீ மட்டும் பேஸைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு, அந்த மூன்று இடியையே திருப்பி வாசித்தாய், கிண்டலுக்கு. பத்து நிமிடத்தில் அது ஒரு பாட்டாகத் திரும்பியது. அன்றைக்கு நீங்கள் வாசித்ததிலேயே அதை மட்டும்தான் நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அந்தப் பாட்டு பக்கத்தில் எங்குமே இல்லை. துண்டும் இல்லை. கீழ்வீட்டுக்காரரும் இல்லை. பதினாலு பெயரில் எதை எடுத்துவிட்டு அவரைச் சேர்ப்பது என்று நாலு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பாட்டை யாராவது போனில் பதிந்து வைத்திருந்தால் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா