தாதிப் படிப்பு முடித்த பிள்ளையின் முதல் வேலை

வியாபாரப் பக்கத்தில் தாதித் தொழிலைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நமது கடைக்காரர்கள் பலரின் பெண்பிள்ளைகள் இன்று தாதியியல் படிக்கிறார்கள். படித்து முடித்ததும் எந்த வைத்தியசாலை, எவ்வளவு சம்பளம் என்று பேசி முடிப்பது பெரும்பாலும் வாப்பாவோ மாமாவோதான். நாங்களோ கடைக் கணக்கில் தீர்மானிக்கிறோம். அப்படித் தீர்மானித்து ஒரு பிள்ளையைக் கஷ்டத்தில் போட்டவன் நான்.

என் தங்கையின் மகள் 2022இல் நான்கு வருடத் தாதியியல் பட்டத்தை முடித்தாள். தாதியர் சபையில் பதிவும் கிடைத்தது. அவளுக்கு ஆசை தீவிர சிகிச்சைப் பிரிவு, அதாவது ஐ.சி.யு. பொருளாதார நெருக்கடியால் அனுபவமுள்ள தாதியர் வெளிநாடு போய்க்கொண்டிருந்த நேரம். அதனால் புதியவர்களுக்கும் கதவு திறந்திருந்தது. இரண்டு தனியார் வைத்தியசாலைகள் கூப்பிட்டன. ஒன்றில் உடனே ஐ.சி.யு., நல்ல சம்பளம், மூன்று வருட பொண்ட். மற்றதில் ஆறு மாதம் பொது வாட்டு, அதன்பின் ஐ.சி.யு.வில் பன்னிரண்டு வாரம் ஒரு சிரேஷ்ட தாதியின் பக்கத்தில் நின்று பழக வேண்டும். சம்பளமும் குறைவு.

"ஆசைப்பட்ட பிரிவும் கிடைக்குது, காசும் கூட. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றேன்.

"அங்க யார் பழக்குவாங்கண்டு ஒண்டும் சொல்லல்லயே மாமா" என்றாள்.

"போனாப் பழகும்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

ஏழாவது இரவே வென்டிலேட்டரில் இருந்த இரண்டு நோயாளிகளை அவளிடம் தனியாக விட்டார்கள். ஒருவருக்கு நோஅட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தது. இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து இது, சிரிஞ்ச் பம்ப் மூலம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். உடம்பில் சில நிமிடம்தான் நிற்கும். ஒரு சிரிஞ்ச் முடியுமுன்பே அடுத்ததைத் தயாராக வைத்திருக்க வேண்டும், இடைவெளி விழுந்தால் அழுத்தம் சரிந்துவிடும். புத்தகத்தில் இதைப் படித்திருந்தாள். ஆனால் மற்ற நோயாளிக்குச் சளி உறிஞ்சிக்கொண்டு நின்றபோது பம்ப் கத்தியது, அடுத்த சிரிஞ்ச் தயாராக இல்லை. பக்கத்துக் கட்டிலில் கடமையிலிருந்த தாதி ஓடி வந்ததால் அந்த மனிதர் தப்பினார். காலையில் வீட்டுக்கு வந்த பிள்ளையின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. "நான் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்ல" என்று அழுதாள்.

நான் 1988இல் கெய்சர் வீதியில் ஒரு துணிக்கடையில் பொடியனாகச் சேர்ந்தவன். முதல் ஆறு மாதமும் முதலாளி என் கையில் கத்தரிக்கோல் தரவில்லை. பெரியவர் ஒருவர் அளந்து வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு யார் சீத்தை வீணாகக் கூடாது என்று எனக்கு இருந்த காவல், உயிரோடு விளையாடும் இடத்தில் அந்தப் பிள்ளைக்கு இருக்கவில்லை. இது எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

பிறகுதான் விசாரித்தும் படித்தும் பார்த்தேன். புதிய தாதிக்கு வரும் இந்த அதிர்ச்சியைப் பற்றி மார்லின் கிரேமர் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1974இலேயே புத்தகம் எழுதியிருக்கிறார். பட்ரீசியா பென்னர் என்பவர் 1984இல் எழுதியதில், ஒரே விதமான பிரிவில் இரண்டு மூன்று வருடம் வேலை செய்த பிறகுதான் தாதி ஒருவர் திறமையானவர் என்ற படிக்கு வருகிறார் என்கிறார். பட்டம் என்பது முதல் படிகள்தான். அமெரிக்காவில் பட்டம் பெற்றவுடன் ஐ.சி.யு.வில் சேர்கிறவர்கள் உண்டு. ஆனால் நல்ல வைத்தியசாலைகளில் அவர்களுக்கென்று ஒரு வருடப் பயிற்சித் திட்டம் இருக்கிறது, 2002 முதல் அது பல இடங்களுக்குப் பரவியது. ஆகவே "முதலில் இரண்டு வருடம் பொது வாட்டில் கிட" என்று சில பெரியவர்கள் சொல்வதையும் நான் முழுதாக ஏற்கமாட்டேன். வாட்டா, ஐ.சி.யு.வா என்பதைவிடப் பக்கத்தில் நிற்பது யார் என்பதே பெரிய கேள்வி. சத்திரசிகிச்சைக் கூடமானாலும் டயலிசிஸ் பிரிவானாலும் இதே கதைதான்.

நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளை மேட்ரனிடம் கேட்க வெட்கப்படக் கூடாது. எத்தனை வாரம் துணையோடு வேலை? அந்த வாரங்களில் என்னை ஆட்கணக்கில் சேர்ப்பீர்களா? துணைக்கு வருபவர் ஒருவரா, ஒவ்வொரு நாளும் வேறு ஆளா? ஒரு தாதிக்கு எத்தனை நோயாளிகள்? பிரித்தானியாவில் வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு தாதி என்பதே வழமை. போன வருடம் சேர்ந்த புதியவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் கேட்கலாம். இதற்கு முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பொண்டைப் பற்றி நாங்கள்தான் பார்க்க வேண்டும், கையெழுத்து வைப்பது எங்கள் பழக்கம். பயிற்சிச் செலவு என்று எழுதியிருந்தால் என்ன பயிற்சி, எத்தனை நாள் என்றும் அதில் எழுதச் சொல்லுங்கள். நான் கையெழுத்திட்ட தாளில் தொகை மட்டும் இருந்தது. அசல் சான்றிதழ்களை ஒருபோதும் கொடுத்துவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுப் பிரதியைக் கொடுங்கள். என் மருமகள் நாலாம் மாதம் விலகியபோது மூன்று இலட்சம் ரூபா கட்டித்தான் அவளுடைய பட்டச் சான்றிதழை எடுத்தேன். அந்த மாதம் கடைக்குச் சரக்குப் போடவில்லை. இரவுக் கடமையைப் பற்றியே முறைப்பட்டுக்கொண்டிருந்த என் தங்கைகூட அன்று ஒன்றும் பேசவில்லை.

வளைகுடாவுக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு இன்னொன்று. அங்குள்ள சுகாதார அதிகாரசபைகள் பட்டத்தையும் பதிவையும் அனுபவத்தையும் டேட்டாஃப்ளோ போன்ற கம்பனி மூலம் கொடுத்த இடத்திலேயே கேட்டு உறுதி செய்கின்றன. எனவே சேவைச் சான்றிதழில் பிரிவின் பெயரும் சேர்ந்த, விலகிய திகதிகளும் சரியாக இருக்க வேண்டும். வெறுமனே "தாதியாகக் கடமையாற்றினார்" என்று இருந்தால் ஐ.சி.யு. அனுபவம் என்று எப்படிக் காட்டுவது?

மருமகள் பிறகு அந்த இரண்டாவது வைத்தியசாலைக்கே போனாள். நல்லவேளை, இடம் இன்னும் இருந்தது. ஆறு மாத வாட்டும் பன்னிரண்டு வாரப் பழக்கமும் முடிந்து இப்போது ஐ.சி.யு.வில்தான் இருக்கிறாள். கட்டாருக்கு விண்ணப்பிக்கக் கடதாசிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். முதல் இடத்தின் நாலு மாதக் கடிதம் இன்னும் வரவில்லை. நான் இரண்டு தடவை பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன், அடுத்த கிழமை நேரில் போக வேண்டும்.