மணி அடித்த மூன்று கோல்கள்

சந்தோஷ் கோப்பை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சந்தோஷம் என்றால் மகிழ்ச்சி. அதனால்தான் கோப்பைக்கு அந்தப் பெயர் வைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சந்தோஷ் என்பது ஓர் ஊர். அது இன்று வங்காளதேசத்தில் இருக்கிறது. முன்பு அந்த ஊரில் ஒரு ஜமீன் இருந்தது. அதன் ஜமீன்தார் மன்மதநாத் ராய் சௌத்ரி. மகாராஜா பட்டம் பெற்றவர். கல்கத்தாவில் இருந்த இந்தியக் கால்பந்துச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். அவர் நினைவாக வந்த பெயர்தான் சந்தோஷ் கோப்பை.

போட்டி தொடங்கியது 1941ஆம் ஆண்டு. முதல் கோப்பையை வங்காளம் வென்றது. இதுதான் நம் நாட்டின் தேசியக் கால்பந்துப் போட்டி. ஒரு மாநிலத்தோடு இன்னொரு மாநிலம் மோதும். ரயில்வேக்கும் ராணுவத்துக்கும் தனி அணிகள் உண்டு.

கேரளத்துக்குக் கால்பந்து என்றால் உயிர். மட்டாஞ்சேரியில் இருப்பவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மாலையானால் ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானத்தையும் வெளி மைதானத்தையும் பார்த்தாலே போதும். பூட்ஸ் இல்லாவிட்டாலும் பந்து ஓடும். கடைத்தெருவில் மூட்டை இறக்கியவர், துணி வெளுத்தவர், மீன் விற்றவர் எல்லாரும் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள்.

ஆனால் கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. கேரள மாநிலம் பிறந்தது 1956 நவம்பர் 1. அதற்குப் பிறகு 17 ஆண்டுகள் ஓடிவிட்டன. வங்காளம் வென்றது. ஆந்திரம் வென்றது. மைசூர் வென்றது. பஞ்சாபும் வென்றது. கேரளம் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்பியது.

1973ஆம் ஆண்டுப் போட்டி எர்ணாகுளத்தில் நடந்தது. மட்டாஞ்சேரியில் படகு ஏறினால் அக்கரைதான் எர்ணாகுளம். அங்கே மகாராஜா கல்லூரி மைதானத்தில் ஆட்டங்கள் நடந்தன. அப்போது கேரளத்தில் டெலிவிஷன் வரவில்லை. நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ரேடியோ கேட்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் மறுநாள் பத்திரிகை. எழுத்துத் தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கேரள அணியில் ஆடியவர்கள் யார்? பலர் தொழிலாளிகள். இது முக்கியமான விஷயம். அந்தக் காலத்தில் பந்து விளையாடி மட்டும் ஒருவர் பிழைக்க முடியாது. கம்பெனிகள் தங்களுக்கென்று அணி வைத்திருந்தன. நன்றாக ஆடும் பையனைக் கூப்பிட்டு வேலை கொடுக்கும். ஏலூரில் ஃபாக்ட் உரத் தொழிற்சாலை இருக்கிறது. களமசேரியில் பிரீமியர் டயர்ஸ் தொழிற்சாலை இருந்தது. இரண்டும் பெரிய அணிகளை வைத்திருந்தன. ஏழை வீட்டுப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். கால் நன்றாக இருக்கும்வரை ஆட்டம். ஆட்டம் முடிந்த பிறகும் மாதச் சம்பளம். ஆட்டத்துக்குப் போகாதே, வேலைக்குப் போ என்று திட்டிய அப்பாவே, வேலை வேண்டுமானால் நன்றாக ஆடு என்று சொல்லத் தொடங்கிவிடுவார்!

கேரள அணியின் கேப்டன் டி.கே.எஸ். மணி. வடக்கே கண்ணூர் மாவட்டத்துக்காரர். ஃபாக்ட் ஆட்டக்காரர். துணைக் கேப்டன் டி.ஏ. ஜாஃபர். அவர் நம் ஃபோர்ட் கொச்சிக்காரர். முதலில் ஃபாக்டிலும் பிறகு பிரீமியர் டயர்ஸிலும் ஆடியவர்.

பயிற்சியாளர் சைமன் சுந்தர்ராஜ். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். 1960ஆம் ஆண்டு ரோம் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அங்கே போன இந்திய அணியில் அவரும் இருந்தார். அதற்கு முந்தைய பருவத்தில் தமிழ்நாடு இறுதி ஆட்டம்வரை போய் வங்காளத்திடம் தோற்றிருந்தது. மறு பருவத்தில் ஒரு தமிழ்நாட்டுக்காரர் கேரளத்துக்குச் சொல்லிக் கொடுத்தார். கேப்டன் மலபார், துணைக் கேப்டன் கொச்சி, ஆசிரியர் தமிழர். பந்துக்கு மொழி இல்லை என்று சும்மாவா சொல்கிறார்கள்?

1973 டிசம்பர் 27. இறுதி ஆட்டம். எதிரே நின்றது ரயில்வே அணி. ரயில்வே என்றால் லேசான அணி இல்லை. ஒரு மாநிலம் தன் ஆட்களில் இருந்துதான் அணியைத் தேர்ந்தெடுக்க முடியும். ரயில்வேக்கு எல்லை இல்லை. இந்தியா முழுவதும் அதற்கு ஊழியர்கள். அவர்களில் சிறந்தவர்களைப் பொறுக்கி எடுக்கும். அதற்கு முன்பே மூன்று முறை அது கோப்பையை வென்றிருந்தது. கேரளம் ஒருமுறைகூட வென்றதில்லை.

அன்று மணி ஒரு கோல் அடித்தார். இரண்டாவது கோலும் மணியே அடித்தார். மூன்றாவது கோலும் மணிதான். ஒரே ஆட்டத்தில் ஒருவரே மூன்று கோல் அடித்தால் அதற்கு 'ஹாட்ரிக்' என்று பெயர். ரயில்வே சும்மா இருக்கவில்லை. அதுவும் இரண்டு கோல் அடித்தது. இன்னும் ஒன்று அடித்திருந்தால் சமநிலை. கடைசி விசில் ஊதும்வரை யாருக்கும் மூச்சு விட முடிந்திருக்காது. முடிவில் கேரளம் 3, ரயில்வே 2. சந்தோஷ் கோப்பை முதல்முறையாகக் கேரளத்துக்கு வந்தது.

மறுநாள் அரசு விடுமுறை அறிவித்தது. ஓணத்துக்கும் ஈஸ்டருக்கும் பெருநாளுக்கும் விடுமுறை உண்டு. பந்து விளையாட்டுக்காக விடுமுறை விட்டது எவ்வளவு பெரிய மகிழ்ச்சி! அன்று முதல் மணிக்குப் பெயரே மாறிவிட்டது. அவர் 'கேப்டன் மணி' ஆனார். 2017 ஏப்ரலில் அவர் காலமானபோதும் பத்திரிகைகள் அந்தப் பெயரைத்தான் போட்டன.

அதற்குப் பிறகு வருடந்தோறும் கோப்பை வந்துவிட்டதா? இல்லை. அடுத்த கோப்பைக்கு 18 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதிலும் கடைசி நான்கு பருவங்கள் பெரிய வேதனை. 1987-88 பருவத்தில் கொல்லத்தில் இறுதி ஆட்டம். பஞ்சாபிடம் பெனால்டியில் தோல்வி. பெனால்டி என்றால் என்ன? ஆட்டம் சமமாக முடிந்தால் இரண்டு அணிகளும் மாறி மாறிப் பந்தை உதைக்கும். கோல் கம்பத்துக்கு 12 கெஜம் முன்னால் பந்தை வைப்பார்கள். அடிப்பவர் ஒருவர். தடுப்பவர் ஒருவர். முதலில் இரு பக்கமும் ஐந்து ஐந்து உதை. நன்றாக ஆடிய அணியும் ஓர் உதை தவறினால் தோற்றுப் போகும். அடுத்த பருவத்தில் குவாஹாட்டியில் வங்காளத்திடமும் பெனால்டியில்தான் தோல்வி. 1989-90இல் கோவாவிடம் தோல்வி. 1990-91இல் பாலக்காட்டில், சொந்த மாநிலத்திலேயே, மகாராஷ்டிரத்திடம் ஒரே ஒரு கோலில் தோல்வி.

தொடர்ந்து நான்கு முறை இரண்டாம் இடம். 1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் மாவட்டம் எழுத்தறிவில் இந்தியாவிலேயே முதல் மாவட்டம் ஆனது. எழுத்தில் முதலிடம், பந்தில் இரண்டாமிடம் என்று ஆனது!

பிறகு பயிற்சியாளராக வந்தவர் யார் தெரியுமா? 1973இல் துணைக் கேப்டனாக ஆடிய அதே ஜாஃபர்தான். கோப்பையைக் கையில் தூக்கிய அனுபவம் அவருக்கு இருந்தது. 1992இல் கோயம்புத்தூரில் இறுதி ஆட்டம். கேப்டன் வி.பி. சத்யன். கோவாவை 3-0 என்று கேரளம் வென்றது. மறு ஆண்டு 1993இல் கொச்சியிலேயே இறுதி ஆட்டம். மகாராஷ்டிரத்தை 2-0 என்று வென்றது. முன்பு தங்களைத் தோற்கடித்த இரண்டு அணிகளையும் அடுத்தடுத்து வென்றார்கள். ஃபோர்ட் கொச்சிக்காரர் பழைய கணக்கைத் தீர்த்துவிட்டார்.

அதற்குள் காலமும் மாறியிருந்தது. தொழிற்சாலை அணிகள் இருந்த இடத்துக்குக் கேரளப் போலீஸ் அணி வந்தது. சத்யனும் போலீஸ்காரர்தான். பிரீமியர் டயர்ஸ் அணி கலைந்து போயிற்று. ஃபாக்ட் அணியும் பழைய கதை ஆயிற்று. பந்து ஆடினால் கம்பெனி வேலை என்ற வழி குறுகியது. இன்று பெரிய கிளப்புகள் பணம் கொடுத்து ஆட்டக்காரரை எடுக்கின்றன. சிலருக்கு நிறையப் பணம். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு மாதச் சம்பளம் வருவதில்லை. இதில் எது நல்லது என்று வகுப்பில் பேசிப் பாருங்கள்.

2001-02, 2004-05, 2017-18, 2021-22 பருவங்களிலும் கேரளம் சந்தோஷ் கோப்பையை வென்றது.

பயிற்சி

1973, 1992, 1993 ஆகிய வெற்றிகளோடு மேலே உள்ள நான்கையும் சேர்த்துக் கூட்டுங்கள். 2022 வரை கேரளம் எத்தனை முறை வென்றது?

கோப்பை தொடங்கிய ஆண்டு 1941. கேரளம் முதலில் வென்றது 1973. இடையில் எத்தனை ஆண்டுகள்?

கேப்டன், கோப்பை, பெனால்டி, பயிற்சியாளர், துணைக் கேப்டன். இந்தச் சொற்களைப் பார்த்து எழுதுங்கள். ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

உங்கள் தெருவில் 1973 இறுதி ஆட்டத்தைப் பார்த்த பெரியவர், அல்லது ரேடியோவில் கேட்டவர் யாராவது இருக்கிறாரா? அவரிடம் போய்க் கேளுங்கள். எப்படிப் போனார், எங்கே நின்று பார்த்தார், எத்தனை மணிக்கு வீடு திரும்பினார்? அவர் சொல்வதை ஐந்து வரியில் எழுதிக் கொண்டுவந்து வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள்.