சவ்வு எப்படி வாயுவைப் பிரிக்கிறது?

கேள்வி: சாண எரிவாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடை பிளாஸ்டிக் சவ்வு பிரித்துவிடுமாமே, சல்லடை போலவா?

பதில்: இல்லை. அந்தச் சவ்வில் துளைகள் கிடையாது. வாயு முதலில் பாலிமருக்குள் கரைகிறது. பிறகு அதன் மூலக்கூறுச் சங்கிலிகளின் இடைவெளிகளில் ஊர்ந்து மறுபக்கம் வெளியேறுகிறது. கார்பன் டை ஆக்சைடு நன்றாகக் கரையும். விட்டமும் சுமார் 0.33 நானோமீட்டர்தான். எரிபொருளான மீத்தேன் 0.38, அதனால் பின்தங்கிவிடும்.

இயற்கை எரிவாயு ஆலைகளில் 1980-களிலிருந்தே செல்லுலோஸ் அசிடேட் சவ்வுகள் இதைச் செய்கின்றன. சிக்கல் என்னவென்றால், வாயுவை வேகமாக விடும் பாலிமர் சரியாகப் பிரிக்காது. நன்றாகப் பிரிப்பதோ மெதுவாகத்தான் விடும். இந்த எல்லையை லாயிட் ரோப்சன் 1991-இல் வரைபடமாகவே காட்டினார்.

என்னைக் கேட்டால், கவனிக்க வேண்டியது மீத்தேன் இழப்பைத்தான். காற்றில் கலந்தால் அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆகவே, கார்பன் டை ஆக்சைடோடு சிறிது மீத்தேனும் கலந்து சவ்வைக் கடந்து வெளியேறும் வாயுவை இன்னொரு சவ்வு வழியாகவும் அனுப்புங்கள்.