மொட்டைக் கடுதாசியும் பெயர் மறைத்த கடிதமும்



டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகும் நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைக்கப் போவது பெரிய நாற்காலி அல்ல. சைட்டில் சூப்பர்வைசர், ஒர்க்‌ஷாப்பில் டெக்னீஷியன், டிராயிங் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன் என்றுதான் தொடங்குவோம். கம்பி குறைந்தாலும், வெல்டிங்கில் ஓட்டை விழுந்தாலும், மிஷினில் கார்டு கழற்றி வைத்திருந்தாலும் முதலில் கண்ணில் படுவது நமக்குத்தான். வாயைத் திறந்தால் முதலில் வேலை போவதும் நமக்குத்தான்!

அப்போ என்ன செய்வது? பேசாம இருந்துடலாமா? பெயர் போடாம ஒரு கடுதாசி எழுதித் தபாலில் போட்டுடலாமா? தொழிலில் இருப்பவர் பெயரை மறைத்து எழுதுவது சரியா, தப்பா? நடந்த சில நிகழ்ச்சிகளைக் கொண்டு இதை ஆராய்வோம்.

மூன்று வகை

பெயரை மறைத்து எழுதுவதெல்லாம் ஒன்றல்ல. அதை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. மொட்டைக் கடுதாசி: எழுதியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. திரும்ப ஒரு கேள்வி கேட்கக்கூட வழியில்லை.

2. புனைபெயர்: உண்மைப் பெயர் மறைவாக இருக்கும். ஆனால் ஒரே பெயரில் தொடர்ந்து எழுதுவதால், நல்ல பெயரோ கெட்ட பெயரோ அந்தப் பெயருக்கு வந்து சேரும்.

3. இரகசியம் காக்கப்பட்ட கடிதம்: பெறுபவருக்கு மட்டும் பெயர் தெரியும். அவர் வெளியே சொல்ல மாட்டார்.

இந்த மூன்றையும் ஒரே கூடையில் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் “பேர் சொல்லாதவன் பேச்சை நம்பாதே” என்று ஒரு பக்கமும், “பேர் சொன்னா தொலைஞ்சோம்” என்று இன்னொரு பக்கமும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

“ஸ்டூடண்ட்” எழுதிய கட்டுரை

தரக் கட்டுப்பாடு படித்தவர்களுக்கு “ஸ்டூடண்ட் டி-டெஸ்ட்” என்ற பெயர் தெரிந்திருக்கும். யார் அந்த மாணவர்? அவர் மாணவரே அல்ல! வில்லியம் சீலி காசெட் என்பவர். 1899-ல் டப்ளின் நகரின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பார்லியின் தரம், விளைச்சல் போன்றவற்றை ஒரு சில மாதிரிகளை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. அக்காலக் கணக்கு முறைகளோ நிறைய மாதிரிகள் இருந்தால்தான் சரியாக வரும். குறைந்த மாதிரிகளுக்கும் பொருந்தும் முறையைக் காசெட் கண்டுபிடித்தார்.

ஆனால் ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆராய்ச்சியை வெளியிட அந்த ஆலை அனுமதிக்கவில்லை. எனவே 1908-ல் “பயோமெட்ரிகா” இதழில் “ஸ்டூடண்ட்” என்ற புனைபெயரில் கட்டுரை வெளிவந்தது.

பெயர் தெரியாதவரின் கணக்கை உலகம் எப்படி ஏற்றுக்கொண்டது? சோதித்துப் பார்க்கும் வழியைக் கட்டுரையிலேயே அவர் வைத்திருந்தார். 3000 பேரின் உயரம், விரல் நீளம் ஆகிய அளவுகளை அட்டைகளில் எழுதி, சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து, 750 மாதிரிகளில் தன் முறை பொருந்துகிறதா என்று பார்த்தார். கணிதப்படி முழுமையான நிரூபணத்தைப் பின்னர் ஃபிஷர் கொடுத்தார். எழுதியவர் முகத்தைப் பார்க்காமலே விஷயத்தை உரசிப் பார்க்க முடிந்தது.

இதிலிருந்து முதல் பாடம்: சொன்னதை மற்றவர் சோதித்துப் பார்க்க முடிந்தால், பெயர் இல்லாதது பெரிய குறையல்ல.

விமானிகள் கண்ட வழி

எல்லா விஷயத்தையும் காசெட் மாதிரி அட்டை போட்டு நிரூபிக்க முடியாது. “நேற்று ராத்திரி நான் தப்புப் பண்ணிட்டேன், நல்லவேளை ஒண்ணும் ஆகலை” என்பதை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும்.

1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் டிடபிள்யூஏ 514 என்ற விமானம் வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்தபோது மலையில் மோதியது. அதில் இருந்த 92 பேரும் இறந்தனர். இறங்க அனுமதி கொடுத்த கட்டுப்பாட்டாளர் அந்த வார்த்தைகளுக்கு ஒரு பொருள் வைத்திருந்தார், விமானிகள் வேறு பொருள் எடுத்துக்கொண்டனர். வேதனை என்னவென்றால், ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு முன்பே வேறொரு கம்பெனி விமானம் அதே இடத்தில் அதே மாதிரி தாழ இறங்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தக் கம்பெனி தன் விமானிகளை எச்சரித்தது. மற்றக் கம்பெனிகளுக்குச் செய்தி போய்ச் சேர வழியில்லை.

இதன் பின் 1975-ல் அந்நாட்டு விமானத் துறை, “நடந்ததை எழுதிக் கொடுங்கள், தண்டிக்க மாட்டோம்” என்றது. லைசென்சைப் பறிக்கும் அதிகாரியிடமே போய் யார் உண்மையைச் சொல்வார்? அவநம்பிக்கை இருந்தது. ஆகவே 1976-ல் அந்தப் பொறுப்பு, தண்டிக்கும் அதிகாரம் எதுவுமில்லாத நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்தப் படிவத்தின் அமைப்பைக் கவனியுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரு தனித் துண்டில் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஆய்வாளர் கூப்பிட்டுக் கேட்பார். பிறகு அந்தத் துண்டு கிழிக்கப்பட்டு, முத்திரையிட்டு எழுதியவருக்கே திரும்பி வந்துவிடும். அலுவலகத்தில் பெயர் மிஞ்சாது, பாடம் மட்டும் மிஞ்சும். குற்றச் செயலுக்கும், நடந்துவிட்ட விபத்துக்கும் இந்தப் பாதுகாப்புக் கிடையாது. இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் அங்கே சேர்ந்திருக்கின்றன.

சிவில் நண்பர்களுக்கு ஒரு செய்தி. இதே வழியில் 2005-ல் பிரிட்டனில் கட்டட அமைப்புப் பாதுகாப்புக்காகக் “கிராஸ்” என்ற இரகசிய அறிக்கைத் திட்டம் தொடங்கப்பட்டது. எழுதியவர் பெயரையும் கட்டடத்தின் அடையாளத்தையும் நீக்கி, நிபுணர் கருத்தோடு வெளியிடுகிறார்கள்.

இரண்டாம் பாடம்: பெயர் ஊருக்குத் தெரிய வேண்டாம். ஆனால் நம்பிக்கையான ஒருவர் திரும்பக் கேட்க வழி இருக்க வேண்டும்.

காக்கப்படாத பெயர்

பெறுபவர் இரகசியத்தைக் காக்கவில்லை என்றால்? நம் நாட்டிலேயே வருந்தத்தக்க உதாரணம் இருக்கிறது. கான்பூர் ஐஐடியில் சிவில் படித்த சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பொறியாளராக இருந்தார். வேலையில் நடந்த முறைகேடுகளை 2002-ல் பிரதமருக்கு எழுதினார். பெயரை இரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். ஆனால் கடிதம் அவர் அடையாளத்தோடே பல மேசைகளுக்குப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியில் நடந்த கொலை என்று சிபிஐ கூறியது. 2010-ல் நீதிமன்றம் மூவரைத் தண்டித்தது. கொலைக்கும் கடிதத்துக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. ஆனால் கேட்டுக்கொண்ட இரகசியம் காக்கப்படவில்லை என்பது மறுக்க முடியாத உண்மை.

நாடு முழுவதும் எழுந்த கொதிப்பின் விளைவாக 2004-ல் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அதன்படி மத்திய அரசுத் துறைகள், மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் பற்றிய ஊழல் புகாரை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அனுப்பலாம். மூடிய உறையின் மேல் அது பொதுநல வெளிப்படுத்தல் புகார் என்று குறிப்பிட வேண்டும். அனுப்புநர் பெயரை உறையின் மேல் எழுதக் கூடாது. உள்ளே கட்டாயம் எழுத வேண்டும். மொட்டைக் கடுதாசியை இத்திட்டத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

“அதுல என்ன நியாயம்?” என்று கேட்கலாம். நியாயம் இருக்கிறது. 1999-லேயே இந்த ஆணையம் மொட்டைப் புகார்கள் மீது நடவடிக்கை வேண்டாம் என்று உத்தரவிட்டிருந்தது. நேர்மையான அதிகாரிகளை மிரட்டவும் அலைக்கழிக்கவும் அவை பயன்பட்டதே காரணம். முகமில்லாதவன் வீசும் கல்லுக்கு, அடிபட்டவன் யாரிடம் போய்ப் பதில் சொல்வான்?

நாம் எழுத நேர்ந்தால்

இனி நமக்குப் பயன்படும் சில குறிப்புகள்:

1. பார்த்தது, கேள்விப்பட்டது, நினைத்தது — மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்.

2. அளவு சொல்லுங்கள். “கம்பி கம்மியா போட்டாங்க” என்றால் அது வம்பு. “டிராயிங்கில் 150 மி.மீ. இடைவெளி, கட்டியிருப்பது 200 மி.மீ., இரண்டாம் மாடி ஸ்லாப்” என்றால் அது தகவல். டேப் இருக்கிற யாரும் போய் அளந்து பார்க்கலாம்.

3. வேலையைப் பற்றி எழுதுங்கள், ஆளின் சாதி, குடும்பம், குணம் பற்றி எழுதாதீர்கள்.

4. பெயரை மறைத்தாலும் விவரம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டே பேர் இருக்கிற நைட் ஷிப்டைக் குறிப்பிட்டு “நான் பார்த்தேன்” என்று எழுதினால், கையெழுத்துப் போட்ட மாதிரிதான்.

5. ஆபத்து உடனடியானது என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். சாரம் சரிகிறது, கேஸ் கசிகிறது என்றால் கத்துங்கள், ஆட்களை வெளியேற்றுங்கள்.

6. அனுப்பும் முன் ஒருமுறை படித்து, “என் பெயர் கீழே இருந்தால் இந்த வரியை எழுதுவேனா?” என்று கேட்டுப் பாருங்கள். பயத்தால் எழுத மாட்டேன் என்றால் வரி இருக்கட்டும். வெட்கத்தால் எழுத மாட்டேன் என்றால் அடித்துவிடுங்கள்.

பெறுபவரின் கடமை

நண்பர்களே, நாம் என்றும் கடைசிப் படியிலேயே நிற்கப் போவதில்லை. சிலர் ஃபோர்மேன் ஆவோம், சிலர் ஏ.இ. ஆவோம், சிலர் சொந்தமாகத் தொழில் தொடங்குவோம். அப்போது நம் மேசைக்கும் ஒரு கடிதம் வரும். “எவன்டா இதை எழுதினவன்?” என்றுதான் முதலில் கோபம் வரும். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். ஒரே ஒருமுறை அப்படி ஆளைத் தேடிவிட்டால் போதும், அதன் பிறகு நம்மிடம் எவரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஸ்லாப் இடிந்து விழும் வரைக்கும்.

எழுதியவர் தன் பெயரை நம்மிடம் ஒப்படைத்திருந்தால், அதை உயிர் போல் காப்பாற்றுங்கள். பெயரே இல்லாவிட்டாலும், உள்ளே அளவு இருந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறுங்கள். இடைவெளி 150-ஆ, 200-ஆ என்பதைக் கம்பியே சொல்லிவிடும்.