ஒரு பாட்டில் குளுக்கோஸ் போதுமா? நெடுந்தூர சைக்கிள் பயணம் கற்றுத்தந்த சோர்வுப் பாடம்

புறநோயாளிகள் பிரிவில் நான் நாள்தோறும் கேட்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. “உடம்பு ரொம்ப அசதியா இருக்கு டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க.” திராட்சைப் பந்தலின் கீழ் நாள் முழுவதும் கைகளை உயர்த்தி வேலை செய்பவரும் இதையே கேட்கிறார், மருத்துவமனையில் தாயாரைக் கவனித்துக்கொண்டு மூன்று இரவு விழித்திருந்த மகளும் இதையே கேட்கிறார். 5 விழுக்காடு குளுக்கோஸ் கொண்ட அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அது தரும் ஆற்றல் 100 கலோரிகூட இல்லை. சாம்பாருடன் உண்ணும் இரண்டு இட்லி அதைவிட அதிகம் தரும்.

சோர்வு என்ற ஒரே சொல்லுக்குள் பல வேறு நிலைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குத் தீங்காகலாம். இதை நான் நூலில் படித்திருந்தேன். பிறருக்குக் கற்பித்தும் இருந்தேன். ஆயினும் சென்ற ஆடி மாதம் ஒரு சைக்கிள் பயணத்தில்தான் அதை முழுமையாக உணர்ந்தேன்.

பயணம்

உலகெங்கும் ‘பிரெவே’ எனப்படும் நெடுந்தூர சைக்கிள் பயணங்கள் நடைபெறுகின்றன. 1904-இல் தொடங்கப்பட்ட ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்னும் பிரெஞ்சு அமைப்பு இவற்றுக்கு விதிகளை வகுத்துள்ளது. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும், 300-ஐ 20 மணி நேரத்திலும், 400-ஐ 27 மணி நேரத்திலும், 600-ஐ 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். இது பந்தயம் அன்று. முதலிடம், இரண்டாமிடம் என்பன கிடையா. தமிழ்நாட்டிலும் பலர் இப்பயணங்களை மேற்கொள்கின்றனர்.

நானும் நண்பர் இருவரும் எந்த அமைப்பிலும் பதிவு செய்யாமல் அந்தக் கால அளவை மட்டும் எடுத்துக்கொண்டோம். தேனியிலிருந்து குமுளி சென்று திரும்பி, பின் வத்தலகுண்டு சென்று மீண்டும் தேனி வந்தால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அதிகாலை நான்கரை மணிக்குப் புறப்பட்டோம்.

ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் காற்றை இப்பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலை இடைவெளி வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, தேனியிலிருந்து தெற்கு நோக்கிச் செல்பவரின் முகத்திலேயே மோதும். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எனச் சமதளச் சாலையே மேடு போல் ஆயிற்று. லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்தைக் கடந்தபின் உண்மையான மலையேற்றம் தொடங்கியது. குமுளியை அடைந்தபோது மணி ஒன்பதரை.

அங்கு நான் செய்த பிழைகள் மூன்று. முழங்கால் வலிக்காகக் காலையிலேயே ஒரு வலி நிவாரணி மாத்திரை விழுங்கியிருந்தேன். குமட்டலாக இருந்ததால் ஒரு தோசையோடு நிறுத்திக்கொண்டேன். “உடம்பில் நீர் குறையக்கூடாது” என்று எண்ணி, தாகம் இல்லாதபோதும் நின்ற இடந்தோறும் வெறுந்தண்ணீர் குடித்தேன். மதியம் இரண்டரை மணிக்குள் ஏறத்தாழ எட்டு லிட்டர் குடித்திருந்தேன்.

பெரியகுளம் கடந்து தேவதானப்பட்டியில் நின்றபோது தலை வலித்தது. விரலில் மோதிரம் இறுகியிருந்தது. தேநீர்க் கடைக்காரரிடம், “கம்பத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டேன். கம்பத்தைக் கடந்து வந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. அவர் இரக்கத்துடன், “வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல இதைக் குடிங்க சார்” என்று இன்னொரு பாட்டில் தண்ணீரை நீட்டினார். என் நண்பர் அதைத் தடுத்து, பயணத்தை அங்கேயே முடித்து, காரை வரவழைத்தார்.

பரிசோதனையில் என் ரத்தத்தின் சோடியம் ஒரு லிட்டருக்கு 128 மில்லிமோல். இயல்பான அளவு 135 முதல் 145 வரை. எனக்குக் குளுக்கோஸ் ஏற்றப்படவில்லை. தண்ணீர் நிறுத்தப்பட்டது; உப்பிட்ட சூப் தரப்பட்டது; தேங்கிய நீர் சிறுநீராக வெளியேறும்வரை கண்காணிக்கப்பட்டேன். மறுநாள் காலை அளவு இயல்புக்குத் திரும்பியது. அந்த ஒரு பாட்டில் தண்ணீரையும் அதன்பின் இன்னும் இரண்டையும் நான் குடித்திருந்தால், மூளை வீங்கி வலிப்பு வரை சென்றிருக்கலாம்.

சோர்வின் ஐந்து வகைகள்

1. எரிபொருள் தீர்ந்த சோர்வு. உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கின்றன. இச்சேமிப்பு பெரும்பாலானோர்க்கு 400 முதல் 500 கிராம் வரை. உண்ணாமல் கடுமையாக உழைத்தால் சில மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். கால்கள் திடீரென வலுவிழக்கும், கை நடுங்கும், வியர்க்கும், காரணமின்றிக் கோபம் வரும். நெடுநேரம் உழைப்பவர் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உண்ண வேண்டும். இரண்டு வாழைப்பழம் ஏறத்தாழ இந்த அளவைத் தரும். பசி எடுக்கும் முன்பே உண்பது நல்லது.

நீரிழிவு நோயாளிகள் இவ்விடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு போன்றவற்றை எடுத்துக்கொள்பவர்க்கு உடலுழைப்பின்போதும், அன்றிரவு உறக்கத்திலும்கூட ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். நடுக்கமும் வியர்வையும் தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

2. வெப்பச் சோர்வு. வியர்வையில் நீரும் உப்பும் வெளியேறுவதால் தாகம், தலைசுற்றல், அடர்நிறச் சிறுநீர், தசைப்பிடிப்பு ஆகியன தோன்றும். நிழல், ஓய்வு, ஓ.ஆர்.எஸ். கரைசல் ஆகியவற்றால் இது சீராகும். பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு நீரிலேயே கரைக்க வேண்டும். கொளுத்தும் வெயிலில் உழைத்தவர் குழம்பிப் பேசினாலோ மயங்கினாலோ அது வெப்பத் தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்திருக்கக்கூடும். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

3. நீர் மிகுந்த சோர்வு. எனக்கு நேர்ந்தது இதுவே. உடலின் தேவைக்கு மேல் வெறுந்தண்ணீர் சேரும்போது ரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போகிறது. சில வலி நிவாரணிகள் சிறுநீரகம் நீரை வெளியேற்றுவதைத் தடுத்து நிலையை மோசமாக்கும். இது அரிதான கோளாறும் அன்று. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களுள் 488 பேரின் ரத்தத்தை ஆய்ந்தபோது, 13 விழுக்காட்டினர்க்குச் சோடியம் குறைந்திருந்தது. தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் ஆகியன இதன் அடையாளங்கள். தாகத்திற்கேற்ப அருந்துவதே பாதுகாப்பான வழி. இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவர்களும் தங்களுக்கு உரிய நீர், உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

4. உறக்கக் கடன். பிரெவே பயணங்களுள் புகழ்பெற்றது பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய இது இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் கடக்க வேண்டும். சாலையோரப் புல்வெளியில் அரைமணி நேரம் படுத்துறங்கி எழுந்து செல்வது அங்கு இயல்பான காட்சி. உறக்கத்திற்கு மாற்று வேறில்லை என்பதை அனுபவமிக்க பயணிகள் அறிவர்.

இது நோயாளியின் குடும்பத்தினர்க்கும் உரிய பாடம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்குக் குறைந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இரவெல்லாம் வார்டில் விழித்திருந்துவிட்டு விடியற்காலையில் இருசக்கர வாகனத்தில் சின்னமனூருக்கோ போடிக்கோ புறப்படுபவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். அரைமணி நேரம் உறங்கிவிட்டுச் செல்லுங்கள்; இயன்றால் பேருந்தில் செல்லுங்கள். துணையிருப்பதை உறவினர் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதில் குறைவு ஏதுமில்லை.

5. நோயின் அடையாளமான சோர்வு. நேற்றுவரை எளிதாக ஏறிய மேட்டில் இன்று மூச்சு வாங்குகிறது என்றால், வயதையும் வெயிலையும் காரணம் காட்டி ஒதுக்காதீர்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, இதயநோய் ஆகியன முதலில் சோர்வாகவே வெளிப்படலாம். நீண்டநாள் நீரிழிவு உள்ளவர்க்கு மாரடைப்பு நெஞ்சுவலியின்றி, வியர்வையும் அளவற்ற அசதியுமாக மட்டும் வருவதுண்டு. கடும் உழைப்புக்குப் பின் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

சோர்வை மறைத்தால்

1967 ஜூலை 13 அன்று, டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில், மோன் வாந்து மலையின் கொடும் வெயிலில் டாம் சிம்ப்சன் என்னும் பிரிட்டிஷ் வீரர் சரிந்து விழுந்து உயிரிழந்தார். 1965-இல் உலகப் பட்டம் வென்றவர். அப்போது வயது 29. உச்சியை அடைய ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரே எஞ்சியிருந்தது. அவர் உடலில் ஆம்பிடமின் என்னும் ஊக்கமருந்தும் மதுவும் கண்டறியப்பட்டன. ஊக்கமருந்து உடலுக்குப் புது ஆற்றல் எதையும் தருவதில்லை; ‘நிறுத்து’ என்று உடல் எழுப்பும் குரலை அடக்கிவிடுகிறது.

நாம் அத்தகைய மருந்தை உட்கொள்வதில்லை. ஆயினும் வேலைக்குச் செல்லும் முன் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரையும், “சத்து ஊசி”யும், உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் நான்காவது தேநீரும் அதே வேலையைச் சிறிய அளவில் செய்கின்றன. என் முழங்கால் மாத்திரையையும் இந்தப் பட்டியலில் சேர்த்தே எழுதுகிறேன்.

நோயிலிருந்து மீள்பவர்கள் சைக்கிள் ஓட்டலாமா?

பெரும்பாலானோர் ஓட்டலாம். மாரடைப்பு, இதய அறுவை, ஸ்டென்ட் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் மருத்துவரின் ஒப்புதல் கட்டாயம். தொடக்கத்தில் சமதளச் சாலையில் பத்து நிமிடம் போதும். வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஓட்டும்போது இயல்பாகப் பேச முடிந்தால் வேகம் சரியானது. ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு போதவில்லை என்றால் வேகம் மிகுதி. மெட்டோபுரொலால், அட்டினலால் போன்ற மாத்திரை உண்பவர்க்கு நாடித்துடிப்பு அதிகம் உயராது; எனவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட இந்தப் பேச்சுச் சோதனையே அவர்களுக்கு ஏற்றது. வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு 200 கிலோமீட்டர் தேவையில்லை.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, மயக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்துங்கள். ஓய்விலும் அது தொடர்ந்தால் 108-ஐ அழையுங்கள். தாமே ஓட்டிக்கொண்டு வர முயல வேண்டாம்.

அடுத்தமுறை வரும்போது

சோர்வுக்காக எங்களிடம் வரும்போது ஐந்து செய்திகளைச் சொல்லுங்கள். சோர்வு எப்போது தொடங்கியது? முந்தைய நாள் என்ன உண்டீர்கள்? எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்? எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள்? மருந்துக்கடையில் நீங்களே வாங்கியவை உட்பட என்னென்ன மாத்திரைகள் உட்கொண்டீர்கள்? நோயாளி குழம்பியிருந்தால் உடன் வருபவர் சொல்லுங்கள். தேவதானப்பட்டியில் என் நிலையை நான் அறியவில்லை. அருகில் இருந்தவரே அறிந்தார்.

தை மாதத்தில் மீண்டும் அதே சாலையில் புறப்பட எண்ணியுள்ளோம். இம்முறை பையில் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் இருக்கும், வலி மாத்திரை இராது. வத்தலகுண்டு வரை செல்ல இயலாவிடில் திரும்பிவிடுவோம். சாலை அங்கேயேதான் இருக்கும்.